மலை நகர்கிறது!

கொள்ளிடக் கரையிலே திருமழபாடி. பங்குனித் திங்களில் அங்கே நந்திக்குத் திருமணம்! "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்பது அப்பக்கத்துப் பழமொழி. ஆகவே, மகளுக்கு இன்னும் மணமாகவில்லையே என்று மனம் புழுங்கும் பெற்றோர் பலர் அங்கே கூடுகின்றனர். அவர்களை நாம் எள்ளி நகையாடோம். அவர்தம் கண்ணீர் மெய். அதற்குக் கற்பிக்கப்பட்ட காரணந்தான் பொய். மணம் ஏன் தடைப்பட்டது? "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்!" என்றார் சோதிடர். மாப்பிள்ளை வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டனர்.

செவ்வாய் குற்றவாளியாம்! அந்தக் குற்றவாளியை அருகே சென்று கண்டவர் உண்டா? உண்டு, தோழர்களே! 2014 செப்டம்பர் 24 அன்று நம் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிப் படங்களை அனுப்பியது. அத்திட்டத்தில் பொறுப்பேற்றவர்களுள் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும் ஒருவர். படத்திலே என்ன இருந்தது? துருவேறிய மண், பள்ளம், அணைந்த எரிமலை. சினம் இல்லை, சாபம் இல்லை, எந்தக் குமரியின் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை.

"படம் மட்டும் பொய் சொல்லாதோ?" என்று வைதீகர் கேட்கலாம். நல்ல கேள்வி! பகுத்தறிவாளன் அதற்கு அஞ்சத் தேவையில்லை.

இருள் கவிந்த ஜவ்வாது மலையிலே, படக்கருவியை முக்காலியில் நிறுத்தி, வடக்கு நோக்கி ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். படத்திலே மலை அசையாது நிற்கும். விண்மீன்களோ துருவ விண்மீனைச் சுற்றி வில் வில்லாய்க் கோடிழுத்திருக்கும். படத்தை மட்டும் நம்பினால், "மலை நிலையானது, வானமே சுழல்கிறது" என்றுதான் தீர்ப்பளிப்போம். உண்மையோ தலைகீழ்! மலையும், கருவியும், அதை இயக்கியவனும் மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பூமியோடு சுழல்கின்றனர். அந்த ஒரு மணி நேரத்தில் பூமி திரும்பிய 15 பாகைதான் விண்மீன்களின் கோடாக விழுந்திருக்கிறது. கண் மயங்கும், கருவியும் மயங்கும். மயக்கத்தைத் தெளிவிப்பது அறிவு ஒன்றே!

அதே மலைத்தொடரில், காவலூரில், 1968 முதல் வானாய்வு நடந்து வருகிறது. அங்குள்ள தொலைநோக்கி, பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பி விண்மீன்களைப் பின்தொடரும்; அவை புள்ளிகளாகவே பதியும். வானின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் படமெடுத்து ஒப்பிட்டால், இடம் மாறிய புள்ளி எதுவோ அதுவே சிறுகோள். 1988 பிப்ரவரி 17 அன்று இராஜமோகனும் குழுவினரும் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டனர். கணித மேதை இராமானுஜன் பெயரை இன்று அது தாங்கி நிற்கிறது. அவர்கள் படத்தை வணங்கவில்லை, வினவினார்கள். ஒரு படத்தின் மீது ஐயம் எழுந்தால், இன்னொரு படமெடுத்துச் சரிபார்க்கலாம். ஜாதகக் கட்டத்தை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? பிழை கண்டால் எந்தச் சோதிடர் அதைத் திருத்துவார்?

இனி, நம் இளைஞனிடம் ஒரு கேள்வி. விடுமுறை நாளில் கொல்லிமலைக்கு ஏறுகிறாய். பால்வழி மண்டலத்தைப் படம்பிடிக்கிறாய். "என்னே வானம்!" என்று வியக்கிறாய். வியப்பு தவறன்று, விளக்கம் தெரிந்தால் வியப்பு குன்றாது, வளரும். ஆனால், உன் திருமணப் பேச்சு எழும்போது, உன் வீட்டார் பெண்ணின் ஜாதகத்தைப் புரட்டி, "செவ்வாய் இருக்கிறது, வேண்டாம்" என்று தள்ளும்போது, நீ ஏன் வாய்மூடி நிற்கிறாய்? "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறாய். அறியாதவர் நம்புவது மடமை. அறிந்தவன் அடங்கிப் போவதோ அநீதி! உன் மௌனத்துக்கு நீ விலை கொடுப்பதில்லை. கொடுப்பவள், தள்ளப்பட்ட அந்தப் பெண்.

1967-இல் அறிஞர் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. நாள் பாராத, கோள் பாராத மணத்துக்குக் கதவு திறந்துவிட்டது. நுழையும் துணிவுதான் வேண்டும்.

வானத்தைப் படம்பிடித்த கை, ஜாதகத்தை வாங்க நீளலாமா?