பேணியும் சிரட்டையும்

யாழ்ப்பாணத்துப் பழைமையைப் பேணும் நூதனசாலை ஒன்றுக்கு அண்மையில் மாணவருடன் சென்றிருந்தோம். கந்தரோடை மண்ணிலிருந்து எடுத்த மட்பாண்டத் துண்டுகள் முதல், நேற்றுவரை வீடுகளிற் புழங்கிய உரல் உலக்கை ஈறாக, யாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. கறுப்பு-சிவப்பு மட்கலங்களின் முன் நெடுநேரம் நின்றோம். கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப்படாத உட்புறம் கறுக்க, வெளிப்புறம் சிவக்கும் என்பர். அந்தச் சூளையைக் காத்தவன் பெயர் நமக்குத் தெரியாது. 1980இல் ஆனைக்கோட்டைப் புதைகுழியொன்றிற் கிடைத்த பிராமி எழுத்து முத்திரையோ தலைவனொருவனைக் குறிப்பதென்று அறிஞர் கருதுவர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. மண் காத்ததை மண் தந்தது.

வேறோர் அலுமாரியின் முன்னேதான் மனம் இடறியது. மூக்குப்பேணிகள் துலக்கி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. உதட்டிற் படாமல் அண்ணாந்து குடிக்க மூக்கு வைத்த அழகிய பித்தளைக் கலங்கள். விருந்தோம்பலின் சின்னம் என்றது குறிப்பு. உண்மைதான். ஆனால் அதே முற்றத்தில், அதே தாகத்துக்கு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையில் அல்லவா வார்த்தார்கள்! தேநீர்க் கடைகளிலும் அவர்களுக்கென்று தனிப் போத்தல்கள் இருந்தன. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. வந்த பின்னரும், 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மக்கள் ஊர்வலம் போகவேண்டியிருந்தது.

பித்தளை நிலைக்கும், சிரட்டை அடுப்புக்குப் போகும் என்று சமாதானம் சொல்லலாம். சிரட்டை இன்றும் எல்லா வீட்டிலும் உண்டு. வைக்க மனமில்லை என்பதே மெய்.

“வைத்தால் அவமானம் யாருக்கு, சேர்?” என்றான் ஒரு மாணவன்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. அதில் வார்த்தவரின் பேரரும் குடித்தவரின் பேரரும் ஒரே வாங்கில் அமரும் வகுப்பு நம்முடையது. பழைய காயத்தைக் கண்ணாடிக்குள் வைப்பது குடித்தவரை மறுபடியும் குனியவைப்பதாகாதா என்ற அச்சம் நமக்கும் இருந்தது. ஆயினும் சிரட்டையைத் தேர்ந்தவர் அதிற் குடித்தவர் அல்லர். அவமானம் அதனை நீட்டிய கைக்கே உரியது. மறைக்கும்போதுதான் அது இடம்மாறி, ஏந்திய கையிலே தங்கிவிடுகிறது.

பாடசாலைக் கண்காட்சியில் பேணியையும் சிரட்டையையும் அருகருகே வைப்பதென மாணவர் முடிவுசெய்துள்ளனர். பேணிக்குக் குறிப்பு எழுதியாயிற்று. சிரட்டையின் கீழே நீட்டியவரை எழுதுவதா, ஏந்தியவரை எழுதுவதா என்று மூன்று நாளாக வகுப்பிலே வாதம் நடக்கிறது.