கொடையோ, கடனோ?

உலகத்திலே சில நாடுகள் செல்வத்தால் நிறைந்திருத்தலும், பல நாடுகள் வறுமையால் வருந்துதலும் யாவரும் அறிந்தன. மக்கட்டொகையில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கினரே வாழும் செல்வ நாடுகள், உலக வருவாயிற் பாதிக்கு மேற்பட்டதைத் தமதாக்கிக் கொள்ளுகின்றன. இவ்வேற்றுமை எதனால் வந்தது என்று வினாவுமிடத்து, நம்மவருட் சிலர், "அவரவர் வினைப்பயன்" என்று ஒரு சொல்லாற் கூறி அமைகின்றனர். செல்வ நாட்டவருட் சிலரோ, "எம் முயற்சியால் ஈட்டினோம், விரும்பிற் சிறிது கொடுப்போம்" என்கின்றனர். இவ்விரு கூற்றும் ஆராயத்தக்கன. அதற்குத் தூரதேசஞ் செல்லவேண்டுவதில்லை. மன்னார்க் கடற்கரையே போதிய சான்றாம்.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் ஊர்களை அடுத்த கடலிலே தொன்றுதொட்டு முத்துச்சலாபம் நடந்து வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்போர் ஒருவர்பின் ஒருவராய் அதனைத் தம் அரசிறைக்கு வாயிலாக்கினர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசினர் பெற்ற வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டது. மூச்சையடக்கி ஆழத்தில் இறங்கிய தமிழரும் சோனகரும் அராபியரும் பெற்றது, எடுத்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கு. அடுத்த ஆண்டிலே இச்சலாபம் முழுவதும், ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபது ஆண்டுகளுக்கு, இலண்டன் வணிகக் குழு ஒன்றுக்குக் குத்தகையாய்க் கொடுக்கப்பட்டது. கடலில் மூழ்குவோர் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரத்தினர் அல்லர். சில ஆண்டுகளிலே சிப்பி அருகிற்று, குழுவும் கலைந்தது. 1925ஆம் ஆண்டுக்குப் பின் பெருஞ்சலாபம் நிகழவில்லை. சலாபத்தை மேற்பார்த்தற்கு நோர்த்துத் தேசாதிபதி அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் இடிந்த சுவர்களே இன்று எஞ்சியுள்ளன.

"குழுவினரும் நட்டமடைந்தனரே, வாங்குவோர் இல்லையேல் முத்துக்கு விலை ஏது?" எனின், அது மெய்யே. செல்வ நாடுகளின் பொருளெல்லாம் பறித்த பொருள் என்று யாம் கூறேம். கல்வியும் உழைப்பும் அவர்க்கு உதவின. ஆயினும், எடுக்கும் அளவையும் பங்கையும் வரையறுக்கும் உரிமை கரையில் வாழ்வாரிடத்து இல்லாமற் போயிற்று. வேற்றுமை வேரூன்றிய இடம் இஃதே.

இனி, வினைப்பயன் என்பாரை நோக்குவோம். ஒருவன் இப்பிறப்பிலே நுகர்வது பிராரத்தம். நுகருங்காற் புதிதாய் ஈட்டுவது ஆகாமியம். வறியவன் நுகருந் துன்பம் அவன் பிராரத்தமேயாயினும், அதனை விளைத்தவன் செயலும், கண்டு வாளாவிருந்தவன் செயலும் அவ்வவர்க்கு ஆகாமியமாய் ஏறும். உடன்படிக்கையிற் கையொப்பமிடுதலும் வினையே. வினைக்கொள்கை பிறன் துன்பத்துக்குக் காரணங்கூறி நாம் உறங்குதற்கு அமைந்ததன்று. தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்று ஒவ்வொருவரையும் எழுப்புதற்கு அமைந்தது.

செல்வ நாடுகள் தம் தேசிய வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்கை வறிய நாடுகளின் வளர்ச்சிக்கு உதவல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970ஆம் ஆண்டிலே தீர்மானித்தது. அரைநூற்றாண்டு கழிந்தும் அவ்வளவை எட்டிய நாடுகள் மிகச் சிலவே. கொடை என்று எண்ணுபவன் தன் விருப்பப்படி குறைப்பான்; கடன் என்று உணர்ந்தவனோ குறைக்க ஒருப்படான். நம் நாடு 2022ஆம் ஆண்டு ஏப்ரிலிலே வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்தியபோது, கடன் கொடுத்தோர் தத்தங் கணக்கோடு முன்வந்தனர். கடன்பத்திரத்தைக் கண்ணாலுங் காணாத மீனவர் மண்ணெண்ணெயின்றிக் கரையிலே தங்கினர். வறியவன் வாங்கியது கணக்கில் ஏற, அவனிடம் பெற்றது மாத்திரம் ஏறாதொழிதல் என்ன நீதி?

இது பழங்கதையன்று. மன்னார்த் தீவிலே காற்றாலைகள் எழுந்துள்ளன. கனியமணலை அகழ்தற்கு அந்நியக் குழுவினரும் முயன்றுள்ளனர். 2025ஆம் ஆண்டிலே தீவினர் இவற்றை எதிர்த்துத் தெருவில் நின்றனர். மின்னும் கனியமும் உலகுக்கு வேண்டுவனவே. எனினும், எடுக்கும் அளவை வரையறுப்பவர் யார், எடுத்தபின் எஞ்சுவது யாருக்கு என்று கேட்க அவர்களுக்கு உரிமையுண்டு. சைவ நன்மக்காள்! இக்கேள்வியைச் செல்வ நாட்டாரிடங் கேட்குமுன், நம் வயலில் உழைப்பாரும் நம் வள்ளத்திற் செல்வாரும் நம்மை நோக்கிக் கேட்க இடங்கொடுப்போமாக. அவர்க்குரியதை அளந்து கொடுத்தபின் மிஞ்சுவதைக் கொடுப்பதே கொடையாம்.