மண்ணில் கிடந்த காசு யாருடையது?

கள்ளாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார், பிறர் வீட்டுப் பொருளைத் தொடாதிருத்தலோடு தம் கடமை நிறைவுற்றது என எண்ணுதல் இயல்பு. ஆயின், உடையவர் இன்னார் என்றே அறியப்படாத பொருள் கைக்கு வருமாயின் நாம் என் செய்வது?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதியமானின் தகடூராகவும், பின்னர் நுளம்பர் ஆண்ட நாடாகவும், 1792 வரை மைசூர் ஆட்சிக்குட்பட்ட பாராமகாலாகவும் விளங்கிய நிலம் அது. திப்பு சுல்தானின் யானை பொறித்த செப்புக்காசு போன்றவை அம்மண்ணில் கிடத்தல் வியப்பன்று. முன்பு ஏர்முனையில் தற்செயலாக வெளிப்பட்டவற்றை, இன்று மெட்டல் டிடெக்டர் எனப்படும் கருவிகொண்டு தேடியே எடுக்க இயலும்.

காசினும் நுண்ணிய சிக்கல் உடையது, டோக்கன் என நாம் வழங்கும் வில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காபி நிறுவனங்கள் இத்தகைய வில்லைகளை வெளியிட்டன. செய்த வேலைக்கு அடையாளமாகத் தொழிலாளர் பெற்ற வில்லை, பின்னர் கூலியாக மாற்றப்பட்டது. அதன் மதிப்பு உலோகத்தில் இல்லை. தந்தவரின் வாக்கில் இருந்தது. மாற்றப்படாமல் மண்ணில் விழுந்த ஒரு வில்லை, ஓர் ஏழை பெறாமற்போன கூலியாகவும் இருக்கக்கூடும்.

சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கள்ளாமையை விளக்குமிடத்து, புதைத்து வைத்ததும், தவறி விழுந்ததும், மறந்து விடப்பட்டதுமான பிறர் பொருளையும் சேர்த்தே கூறுகிறார். அதனைத் தானும் எடுத்தலாகாது. எடுத்துப் பிறர்க்கு ஈதலும் ஆகாது. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பினைப் பயின்ற நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

"உடையவர் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்தனவே; இனி யாரிடமிருந்து திருடுகிறோம்?" எனச் சிலர் வினவலாம். இதற்குக் கரூர் விடை தருகிறது. அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் சங்ககாலச் சேரர் காசுகளையும், தமிழ்ப் பிராமியில் பெயர் பொறித்த முத்திரை மோதிரங்களையும் கண்டெடுத்தனர். நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் அத்தகைய காசுகளை ஆராய்ந்து வெளியிட்டமையால் வரலாறு பெரும்பயன் பெற்றது. எனினும், எந்த மண்ணடுக்கில், எப்பொருளோடு கிடந்தது என்னும் செய்தி, அகழாய்வின்றிப் பெயர்த்தெடுத்த பொருளுக்கு இல்லை. காசு கிடைக்கிறது, அது சொல்ல வேண்டிய சொல்லிற் பாதி அழிகிறது. அச்சொல்லுக்கு உரியவர்கள் இன்று வாழ்வோரும் இனிப் பிறப்போரும் ஆவர். அவர்கள் தராததை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கள்ளாமைக்குரிய ஐந்து அதிசாரங்களையும் இங்கே பொருத்திப் பார்த்தல் நலம். பணம் தருவதாகக் கூறிப் பிறரைத் தோண்டத் தூண்டுதல் முதலாவது. அவ்வாறு எடுத்ததை வாங்குதல் இரண்டாவது. அரச நீதிக்கு மாறுபடுதல் மூன்றாவது. நிறையிலும் மதிப்பிலும் ஏமாற்றுதல் நான்காவது. போலிக்காசினைப் பழங்காசென விற்றல் ஐந்தாவது. இவற்றுள் ஒன்றேனும் படியாத பழங்காசு வாணிகம் அரிதினும் அரிது.

அரச நீதியும் தெளிவாகவே உள்ளது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். உரிமை கோருவார் எவரும் இலரெனின், கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பங்கு உண்டு. அரசு விலை தந்து எடுத்துக்கொள்ளவும் கூடும். பத்து ரூபாயும் பெறாத செப்பு வில்லையைப் பற்றிச் சட்டம் வாய் திறவாதிருக்கலாம். விரதமோ பொருளின் விலையைக் கேட்பதில்லை; நம் மனத்தின் நிலையையே கேட்கிறது.

அங்ஙனமாயின் ஆராய்ச்சி கூடாதோ? கூடும், அறிவை நாடுதல் நம் நெறிக்கு உரியதே. ஏர்முனையில் வந்ததை மறையாது, கிடைத்த இடத்தைக் குறித்து, அரசுக்கும் தொல்லியல் துறைக்கும் அறிவித்தல் ஆராய்ச்சியின் முதற்படி. ஆசையால் நிலத்தைக் கிளறி, அங்குள்ள சிற்றுயிர்களையும் வருத்தி, பெட்டியில் பூட்டி வைத்தல் பற்றேயன்றி ஆராய்ச்சி ஆகாது.

தகடூரிலேயே நமக்கொரு சான்று உண்டு. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், சக ஆண்டு 815இல், அதாவது கி.பி. 893இல் பொறித்த கன்னடக் கல்வெட்டு, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் மக்கள் இருவர் அவ்வூரில் ஜினாலயம் எடுத்ததைக் கூறுகிறது. நிதியண்ணன் மன்னனிடம் பெற்ற மூலப்பள்ளி என்னும் ஊரை, விநயசேனரின் மாணாக்கரான கனகசேன சித்தாந்த படாரரிடம் அறத்துக்காக ஒப்படைத்தான். நிதி என்பது புதையலுக்கும் பெயர். அப்பெயர் தாங்கியவன் பெற்றதைப் புதைத்து வைக்கவில்லை, ஈந்தான். ஆதலின் அவனைக் காண நாம் மண்ணைத் தோண்ட வேண்டுவதில்லை. கல்லைப் படித்தால் போதும்.

கொடுத்தது நிலைக்கும், கொடாதிருக்க எடுத்தது வினையாகும். இதனை நம் இளைஞர்க்கு எடுத்துரைத்தல் சிராவகர் ஒவ்வொருவரின் கடமை.