பிழையைக் கண்டு பின்வாங்காதே!

நீ கட்டிய ஆம்ப்ளிஃபயரில் பிழை தெரிகிறதா? தெரியட்டும் தம்பி! அதற்காக ஏன் முகம் வாடுகிறாய்? குறையே இல்லாத பெருக்கியை இதுவரை யாரும் கட்டியதில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, 101-இல் ஒன்று என இரண்டு சுத்தமான சிக்னல்களை உள்ளே விடு. ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் இரண்டு முனைகள் ஓங்கி நிற்கும். அவற்றுக்கு இருபுறமும், 99-இலும் 102-இலும், நீ அனுப்பவே அனுப்பாத இரண்டு குட்டி முனைகள் தலைநீட்டும். அதுதான் இன்டர்மாடுலேஷன். ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் ஃபில்டர் போட்டும் விரட்ட முடியாது.

இந்தப் பிழையோடுதான் அமெரிக்காவில் ஹரால்டு பிளாக் என்ற இளைஞர் மல்லுக்கட்டினார். ஒரே தடத்தில் பல தொலைபேசிப் பேச்சுகள் போக வேண்டும், வழிநெடுகப் பெருக்கிகள். ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கறை சேர்த்தால் போய்ச் சேரும் பேச்சு என்னவாகும்? 1923-இல் ஒரு வழி கண்டார்: வெளிவருவதிலிருந்து மூல சிக்னலைக் கழி, மிஞ்சுவது பிழை மட்டும், அதைத் தனியே பெருக்கி, வெளியீட்டிலிருந்து நீக்கிவிடு. வேலை செய்தது. ஆனால் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

விட்டாரா? இல்லை! 1927 ஆகஸ்ட் 2, காலை. ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகிறார். சட்டென்று பொறி தட்டுகிறது: வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்க் கட்டத்தில் உள்ளீட்டுக்கே திருப்பினால்? கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படத்தையும் சமன்பாட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வயது 29! பாடுபட்டுச் சேர்த்த பெருக்கத்தை வேண்டுமென்றே இழக்கச் சொல்கிறார், யார் ஒப்புவார்கள்? அந்த ஆண்டு முடிவதற்குள் சோதனையில் டிஸ்டார்ஷன் லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அப்படியும் அமெரிக்கக் காப்புரிமை கைக்கு வர 1937 ஆகிவிட்டது. அத்தனை ஆண்டுகளும் அவர் அசையவில்லை. ஓரங்கட்டப்பட்ட அந்த 1923 யோசனையும் வீண்போகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துச் செல்பேசி கோபுரங்களின் பவர் ஆம்ப்ளிஃபயர்களில் அதுவே உழைத்தது!

உன் மேசைக்கு வா. பழியைத் தலையில் போட்டுக்கொள்ளும் முன் அனலைசரையே கேள்வி கேள். அதன் உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டு. குட்டி முனைகள் காட்டும் அளவு இறங்கினால் கறையில் கருவிக்கும் பங்கு உண்டு. துளியும் அசையாவிட்டால் அது உன் சர்க்யூட்டுடையது; ஒப்புக்கொள், கலங்காதே. உள்ளீட்டை ஒரே ஒரு டெசிபல் குறை; மூன்றாம் படிப் பிழையான அந்தக் குட்டி முனைகள் மூன்று டெசிபல் சரியும். பவர் குறைந்துவிட்டதே என்று எவர் முணுமுணுத்தாலும் காதில் வாங்காதே. பயஸை ஒரு நூலளவு நகர்த்து, மறுபடி அள, நோட்டில் குறி. அந்த சர்க்யூட்டின் ஒவ்வொரு இணைப்பும் உன் கை வைத்தது. அதைத் திருத்த உன்னைவிடத் தகுந்த ஆள் யார்? சால்டரிங் அயர்னைச் சூடாக்கு!