வாஷிங்டன் வீட்டுச் சுவர்

பிலடெல்பியாவில் விடுதலை மணி வைக்கப்பட்டிருக்கும் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் அடித்தளம் இருக்கிறது. வெள்ளை மாளிகை எழும்புவதற்கு முன் அமெரிக்காவின் முதல் இரண்டு அதிபர்களான ஜார்ஜ் வாஷிங்டனும் ஜான் ஆடம்ஸும் குடியிருந்த வீடு அது. வாஷிங்டன் அங்கே அடிமைகளாக வைத்திருந்த 9 பேரின் கதையைச் சொல்லும் பலகைகள் 2010இல் அவ்விடத்தில் நிறுவப்பட்டன. அமெரிக்கர்களை, இறந்தவரோ இருப்பவரோ, தாழ்த்திக் காட்டும் வாசகங்கள் பொது நினைவிடங்களில் கூடாது என்று 2025 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது. 2026 ஜனவரியில் அந்தப் பலகைகள் கழற்றப்பட்டன. நகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது.

நாட்டைத் தோற்றுவித்தவர்களின் குற்றத்தை, அவர்களுக்கு நாம் பட்ட நன்றிக்கடனின் பெயரால் மறைக்கலாமா? கூடாது. இதில் மறுயோசனைக்கே இடமில்லை.

செய்ந்நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்று வள்ளுவர் சொன்னது உண்மைதான். வாஷிங்டனுக்கு அந்த நாடு பட்ட கடனும் பெரியதுதான். பின்பற்ற ஒரு முன்மாதிரிகூட இல்லாமல் பதவியேற்று, போர்க்கடனில் மூழ்கிய நாட்டைத் தூக்கி நிறுத்தினார். வென்ற படையின் தலைவராக இருந்தும் 1783இல் படைத்தலைமையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். இரண்டு முறை அதிபராக இருந்தபின் 1797இல் தாமாகவே விலகினார். இவற்றை யாரும் மறுக்கவில்லை. மறுக்காத ஒன்றைக் காப்பதற்காக ஏன் இன்னொன்றைப் புதைக்க வேண்டும்?

அந்த வீட்டில் நடந்தது இது. பென்சில்வேனியா மாநிலம் 1780இலேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றிவிட்டது. வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை 6 மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். வாஷிங்டன் என்ன செய்தார்? கெடு முடிவதற்குள் தம் அடிமைகளை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அவர்களுக்கும் ஊருக்கும் உண்மைக் காரணம் தெரியாதபடி ஏதாவது சாக்குச் சொல்லிச் செய்யுமாறு தம் செயலாளர் டோபியாஸ் லியருக்கு 1791 ஏப்ரலில் கடிதமும் எழுதினார்.

நெஞ்சறியப் பொய் சொல்பவனை அந்த நெஞ்சே சுடும் என்கிறது வாய்மை அதிகாரம். தாம் செய்வது நியாயம் என்று நம்பியவருக்குச் சாக்கு எதற்கு? தெரிந்தே செய்தார், தெரியாதபடி செய்யச் சொன்னார். இன்று பலகைகளைக் கழற்றியவர்கள் அந்தக் கடிதத்தின் கட்டளையைத்தான் 235 ஆண்டு கழித்து நிறைவேற்றியிருக்கிறார்கள்.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானம் உடனே வரும். அதே 1791இல், வாஷிங்டனின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவில், ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் நிலக்கிழார் தம்மிடமிருந்த 450க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுவிக்கப் பத்திரம் எழுதினார். மேடிசன் அதிபராக இருந்தபோது அவருக்குச் செயலாளராக இருந்த எட்வர்ட் கோல்ஸ், 1814இல் முன்னாள் அதிபர் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதி, அடிமை ஒழிப்புக்குத் தலைமை ஏற்கக் கேட்டார். இது இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை என்று ஜெபர்சன் ஒதுங்கிக்கொண்டார். கோல்ஸ் 1819இல் தம் அடிமைகளை விடுவித்தார். ஆடம்ஸோ கடைசிவரை அடிமை வைத்துக்கொள்ளவே இல்லை. ஆக, காலம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1796 மே மாதம் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குக் கப்பல் ஏறினாள். எஜமானியின் பேத்திக்குத் திருமணப் பரிசாகத் தன்னைக் கொடுக்கப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பிடித்துவர அதிபர் கருவூலச் செயலாளர் வழியாகத் துறைமுகச் சுங்க அதிகாரியை ஏவினார். அரசு இயந்திரம் ஒரு வீட்டுவேலைக்காரியைத் தேடியது. வாஷிங்டன் தம்பதியின் காலத்துக்குப் பின்னாவது விடுதலை தருவதாக வாக்களித்தால் திரும்பி வருவதாக ஓனா சொன்னாள். வாஷிங்டன் அதற்கும் இசையவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில்தான், இன்றும் போற்றப்படும் அவருடைய பிரியாவிடை உரை செய்தித்தாளில் வந்தது.

குணத்தையும் நாட வேண்டும், குற்றத்தையும் நாட வேண்டும், பிறகுதான் எது மிகுதி என்று பார்க்க வேண்டும். இது குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரம் காட்டும் வழி. குற்றத்தைத் தட்டில் வைக்காமலே எடை போட்டால், அது சமன்செய்து சீர்தூக்கும் கோல் ஆகாது. நற்குடிப் பிறந்தாரின் குறை நிலவின் களங்கம்போல ஊருக்கெல்லாம் தெரியும் என்றும் வள்ளுவர் சொல்கிறார். அதைத் துணி போட்டு மூடச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆராயாமல் கொலைத் தண்டனை விதித்த பாண்டியனின் பிழையை இளங்கோவடிகள் ஒளித்திருந்தால் நெடுஞ்செழியனை இன்று யார் நினைப்பார்கள்? தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர்விட்டதால்தான் அவன் பெயர் நிற்கிறது. மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையிலும் குற்றம் மறைக்கப்படவில்லை. (2020இல் போர்ட்லாந்தில் வாஷிங்டன் சிலையையும் ஜெபர்சன் சிலையையும் கவிழ்த்தவர்கள் செய்ததும் ஒருவகை மறைப்பே. அவர்கள் மறு தட்டைக் காலி செய்தார்கள்.)

வாஷிங்டனிடம் பாண்டியனைப் போன்ற ஒப்புதல் கொஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1799இல் எழுதிய உயிலில், தமக்கு உரிமையான 120க்கும் மேற்பட்டவர்கள் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும் என்றார். மார்த்தா அவர்களை 1801 ஜனவரி முதல் நாளிலேயே விடுவித்தார். ஜெபர்சன் அதுகூடச் செய்யவில்லை. ஒரு சிலரை மட்டுமே விடுவித்தார். அவர் இறந்தபின் 1827இல் மான்டிசெல்லோவில் அவருடைய கடனை அடைக்க மனிதர்கள் ஏலம் விடப்பட்டார்கள். ஓனா, மார்த்தாவின் முதல் கணவர் சொத்தில் சேர்ந்தவள் என்பதால் வாஷிங்டனின் உயில் அவளைத் தொடவில்லை. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் ஓடிப்போன அடிமைதான்.

ஆகவே பலகைகள் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். லியருக்கு எழுதிய கடிதமும் 1799 உயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆஸ்டின், பாரிஸ், ஹெர்குலிஸ், கிறிஸ்டோபர் ஷீல்ஸ், ரிச்மண்ட், ஜைல்ஸ், மால், ஜோ, ஓனா என்ற பெயர்களைப் படித்த பிறகு ஒரு பள்ளிப் பிள்ளை வாஷிங்டனை எப்படி மதிக்கும் என்பதை அந்தப் பிள்ளையிடமே விடலாம், அரசாணை தேவையில்லை.