இல்லறத்தாரின் ஞாயிற்றுக்கிழமை

டில்லியில் வாழும் நம் பௌத்த அன்பர் சிலர் கூடியிருந்த ஒரு மாலைப்பொழுதில் இக்கேள்வி எழுந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடும்பத்தோடு மலைப்பக்கம் சென்று, ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, விளைந்ததைச் சமைத்துண்டு, வெயிலில் அமர்ந்திருந்து திரும்புவது உபாசகனுக்குத் தகுமா? பஞ்சசீலத்தை ஏற்றவன் இவ்வாறு இன்பத்தை நாடிச் செல்வது பற்றை வளர்ப்பதாகாதா? கேட்டவர் வயதில் மூத்தவர். மந்திர் மார்க்கிலுள்ள விகாரைக்கு ஞாயிறு தவறாமல் செல்பவர். எதிரே அமர்ந்திருந்த இளைஞர் சற்றுச் சினத்துடனேயே விடையளித்தார். நம் பாட்டன்மாருக்கு ஓய்வென்பதே இருந்ததில்லை. நமக்குக் கிடைத்த இரண்டு நாளுக்கும் கணக்குக் கேட்பதா என்றார்.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை என்று நாம் அன்றே கருதினோம். அது யாது என்பது நமக்கே தெளிவாகப் பின்னும் சில நாள் ஆயிற்று.

பெரியவரின் ஐயத்திற்குப் பகவானே விடை கூறியுள்ளார். கோலிய நாட்டைச் சேர்ந்த தீகஜாணு என்னும் இல்லறத்தான் அவரை அணுகி, தாங்கள் மனைவி மக்கள் சூழ வாழ்பவர்கள் என்றும், காசிச் சந்தனமும் மாலையும் அணிபவர்கள் என்றும், பொன்னும் வெள்ளியும் கையாள்பவர்கள் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, அத்தகையோர்க்கு ஏற்ற அறத்தைக் கூறுமாறு வேண்டினான். சந்தனத்தைத் துடைத்துவிட்டு வா என்று பகவான் கூறவில்லை. முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்கேற்ற வாழ்வு என்னும் நான்கைக் கூறினார். வரவறியாது செலவிடுவோனை அத்திப்பழம் தின்பவனுக்கு ஒப்பிட்டார். ஒரு பழத்துக்காக மரத்தையே உலுக்கி, உதிர்ந்ததில் சிறிது தின்று, மிச்சத்தை மண்ணில் விட்டுப் போகிறவன் அவன். இன்று விடுமுறை நாட்களில் டில்லியிலிருந்து மலைக்கு ஏறும் மோட்டார் வண்டிகளின் வரிசையையும், அவை இறங்கிய பின் ஓடைகளில் கிடக்கும் குப்பையையும் காணுங்கால் அந்த அத்திமரமே நம் நினைவுக்கு வருகிறது.

அனாதபிண்டிகருக்குக் கூறிய வேறோர் உபதேசத்தில் இல்லறத்தானின் இன்பங்கள் நான்கு எனப்படுகின்றன. நேர்மையாக ஈட்டிய பொருள் உண்டு என்னும் இன்பம், அதைத் துய்க்கும் இன்பம், கடனின்மையால் வரும் இன்பம், பழியின்மையால் வரும் இன்பம் என்பவை அவை. முதல் மூன்றும் பழியின்மையின்பத்தில் பதினாறில் ஒரு கூறுக்கும் ஈடாகா என்பதும் அங்கேயே கூறப்படுகிறது. ஆகவே துய்த்தல் விலக்கப்படவில்லை. அளக்கும் கோல் மட்டும் வேறாக வைக்கப்பட்டுள்ளது.

மண்ணைக் கொத்துகையில் புழு பூச்சிகள் மடிகின்றனவே, முதற்சீலம் என்னாவது என்றும் சிலர் வினவுவதுண்டு. நிலத்தைத் தோண்டலாகாது என்னும் விதி பிக்குகளுக்கு விநயத்தில் உண்டு. இல்லறத்தானுக்கோ கருத்தே வினை. அவரைக்குப் பாத்தி கட்டுகிறவன் கொலை செய்யக் கருதுவதில்லை. மண்வெட்டியை மெதுவாக இறக்கக் கற்றுக்கொண்டால் போதும். இதற்குமேல் இதை நீட்ட வேண்டுவதில்லை.

டில்லிவாசிகளாகிய நமக்கு மேலும் ஓர் உரிமையுண்டு. பண்டைய குரு நாட்டின் எல்லைக்குள் அடங்கியது இந்நிலப்பகுதி. சதிபட்டான உபதேசம் குரு நாட்டுக் கம்மாசதம்மத்தில் அருளப்பட்டது. அந்த ஆழ்ந்த உபதேசத்தை இந்நாட்டாருக்கு ஏன் அருளினார் என்று உரையாசிரியர் ஆராய்கிறார். நல்ல தட்பவெப்பத்தாலும் பிற வசதிகளாலும் இங்குள்ளோர் உடல்நலமும் மனநலமும் வாய்ந்தவராயிருந்தனர், அதனால் ஏற்கும் வலிமை பெற்றனர் என்பது அவர் கருத்து. இன்றைய டில்லியின் கார்த்திகை மாதப் புகைக்குள் இருமிக்கொண்டு இதைப் படிப்பவர் நகைக்கக்கூடும். ஆனால் அடுத்து அவர் கூறுவதைக் கவனிக்க வேண்டும். குரு நாட்டில் ஏவலரும் பணியாளரும் கூட நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் வீண்பேச்சின்றிச் சதிபட்டானத்தைப் பற்றியே பேசினராம். நல்ல காற்றும் மன அமைதியும் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் உரியனவாக அங்கே வைக்கப்படவில்லை.

இனி, மலைக்குப் போன கதையைச் சொல்லிவிடுவோம்.

2025ஆம் ஆண்டு ஐப்பசியில், வெள்ளி இரவு பழைய டில்லி நிலையத்தில் ரயிலேறி, விடியற்காலை காட்கோதாமில் இறங்கி, குமாவூன் மலையில் ராம்கட் பக்கம் சென்றோம். பணி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அங்கே சிறு வீடொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறார்; வீட்டின் பின்புறம் படிப்படியாக இறங்கும் மூன்று சிறு வயல்கள். கேழ்வரகு அறுவடை முடிந்திருந்தது. நாங்கள் பூண்டும் பட்டாணியும் ஊன்றினோம். குழந்தைகள் கல்லைப் பொறுக்கி வரப்பில் அடுக்கினர். நண்பகலில் வெயில் முதுகில் இதமாக விழ, வடக்கே பனிமலைகள் தெரிந்தன. கேழ்வரகை அங்குள்ளோர் மடுவா என்கின்றனர். அந்த மாவில் தட்டிய தடித்த ரொட்டி, மேலே நெய், பக்கத்தில் வெல்லக்கட்டி. கஹத் என்று அவர்கள் கூறும் கொள்ளில் ஒரு பருப்பு. நம் வீட்டுப் பெரியவர் இலையைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய இளமையில் கேழ்வரகுக் களி வறுமையின் உணவு. நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டுமே. மலையில் அதே தானியத்தை விருந்தாக வைத்தபோது அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். இதைப் பற்று என்று கூற நமக்கு நா எழவில்லை.

ஆனால் அந்த ரொட்டியைத் தட்டியவர் யார்?

எங்கள் இல்லத்தில் சமையலுக்கும் பிற வேலைகளுக்கும் உதவும் அம்மையார் ஒருவர் உண்டு. விழுப்புரம் பக்கத்தவர், எங்களுக்கு மூத்தவராதலின் அக்கா என்றே அழைக்கிறோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலோரம் இருந்த மதராசி கேம்ப்பில் வெகுகாலம் வாழ்ந்தவர். உயர்நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் அக்குடியிருப்பு அகற்றப்பட்டதை அன்பர்கள் அறிவார்கள். ஏறக்குறைய 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு உண்டென்றாயிற்று. அக்காவின் குடும்பம் அவற்றுள் ஒன்று. நரேலா டில்லியின் வடகோடி. அதன்பின் அவர் விடியுமுன் புறப்பட்டு, பேருந்து மாறி வந்து, இருட்டிய பின்னரே வீடு சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே அவர் தம் மக்களோடு இருக்கும் நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நாங்கள் மலைக்கு எடுத்துச் சென்றோம். "நீங்களும் வாருங்கள் அக்கா, மலையைப் பார்த்ததுபோலும் ஆகும்" என்று அழைத்தோம். அன்பினால் அழைத்ததாகவே எண்ணிக்கொண்டோம். இரண்டு நாளும் எங்கள் அனைவருக்கும் அவரே சமைத்தார். திரும்பும் வழியில் ரயிலில், "மலை எப்படி இருந்தது அக்கா?" என்று கேட்டபோது அவர் மனம் கோணாமலே சொன்னார்: "நல்லாத்தாம்மா இருந்துச்சு. அடுப்படி ஜன்னல்லேருந்து ஒரு துண்டு தெரிஞ்சுது."

அன்றிரவு எங்களில் யாரும் நன்கு உறங்கவில்லை.

நம் முன்னோரும் மலையை அப்படித்தான் பார்த்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கத்தை இந்நாட்டில் பரப்பியவர் வெள்ளையர். சிம்லா 1864 முதல் கோடைக்காலத் தலைநகரமாயிற்று. சென்னை அரசாங்கம் உதகமண்டலத்துக்கு ஏறியது. 1848இல் அங்கே பூந்தோட்டமும் கண்டது. அவ்வின்பங்களுக்கு மூட்டை சுமந்தவரும், குழி வெட்டியவரும், அடுப்பெரித்தவரும் பெரும்பாலும் யாவர்? க. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராயிருந்தவர். பண்டிதரே நீலகிரியில் நெடுங்காலம் வாழ்ந்தவர். 1898இல் அவர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வழிவந்த நாம், பிறர் ஓய்வுக்கு உழைத்தவர்களின் மரபினர். இன்று நம்மிற் சிலருக்குச் சம்பளமும் வண்டியும் இரண்டு நாள் விடுமுறையும் உண்டு. துரை அமர்ந்த நாற்காலி காலியாயிற்று. அதில் நாம் போய் அமர்ந்துவிட்டால் அடுப்படியில் இன்னொருவரைத்தானே நிறுத்துகிறோம்? கூட்டத்தில் கேட்கப்படாத கேள்வி இதுவே. இளைஞர் கூறியது போல ஓய்வு நம் உரிமைதான். அது யாருடைய ஓய்விலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது என்பதையும் கேட்டாக வேண்டும்.

சிகாலோவாத உபதேசத்தில் பணியாளர்க்கு இல்லறத்தான் செய்ய வேண்டியவை ஐந்து. வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய சுவையுணவு கிடைத்தால் பகிர்தல், உரிய காலத்தில் விடுப்பளித்தல். நான்காவதை நாம் செய்தோம். ரொட்டியும் நெய்யும் அக்காவுக்கும் உண்டு. ஐந்தாவதை நாமே பறித்தோம். இவ்வறம் நம் நகரிலேயே கல்லிலும் உள்ளது. பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண், தோப்ராவிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. வேறெந்தத் தூணிலும் இல்லாத ஏழாம் சாசனம் அதில் உண்டு. வழியோரம் ஆலமரங்களையும் மாந்தோப்புகளையும் வைத்ததை மாமன்னர் அதில் குறிக்கிறார். விலங்குக்கும் மனிதர்க்கும் நிழலாகட்டும் என்பது நோக்கம். அதே சாசனத்தில், அடிமைகளிடமும் பணியாளரிடமும் முறையாக நடத்தலையும் தம்மத்தில் சேர்க்கிறார். தோட்டமும் பணியாளர் நலமும் அவருக்கு ஒரே கல்லில் எழுதத் தக்கனவாயிருந்தன.

ஞாயிறு விடுமுறை நமக்கு இனாமாகக் கிடைத்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்காக நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டு போராடிய பின், 1890இல்தான் அவர்களுக்கு அது கிட்டியது. வைசிராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழில் உறுப்பினராயிருந்தவர் டாக்டர் அம்பேத்கர். ஆலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாக 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைந்தது. ஆனால் ஆலைச் சட்டம் வீட்டு அடுப்படிக்குள் நுழைவதில்லை. வீட்டுப் பணியாளர்க்கும் வாரம் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலமைப்பு 2011இல் ஓர் உடன்படிக்கை கண்டது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆகவே அந்த நாளைக் கொடுப்பதும் மறுப்பதும் இன்றளவும் வீட்டாரின் மனத்தையே பொறுத்திருக்கிறது.

டாக்டர் அம்பேத்கர் டில்லியில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சியொன்றை அவரிடம் பணியாற்றிய தேவி தயாள் குறித்து வைத்துள்ளார். 1944 செப்டம்பர் 3ஆம் நாள் அவர் தம் கையாலேயே ஏழு வகை உணவு சமைத்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. விருந்துக்கு அழைக்கப்பட்டவர் நம் தமிழகத்து மீனாம்பாள் சிவராஜ் அம்மையார். பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்த்தோம், அன்று ஞாயிற்றுக்கிழமை. நாட்டின் தொழிலாளர் நலத்துறையைத் தாங்கியவர், அலுவலற்ற ஒரு நாளில், அடுப்பின்முன் மூன்று மணி நேரம் நின்று ஒரு பெண்மணியை அமரவைத்துப் பரிமாறியிருக்கிறார். அவருக்கும் தோட்டத்தில் பெருவிருப்பம் உண்டென்பர். அவர் இன்பத்தைத் துறந்தவரல்லர். அதற்கான உழைப்பையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

மறு மாதம் மீண்டும் ராம்கட் சென்றோம். அக்காவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊதியத்தோடு விடுப்பு. இதைக் கொடையென்று யாரும் எண்ண வேண்டா, பழைய கடன். பட்டாணி முளைத்திருந்தது, பூண்டும் தலைகாட்டியிருந்தது. சமையலை நாங்களே பகிர்ந்துகொண்டோம். உண்மையைச் சொன்னால், முந்தைய முறையைவிட இன்பம் சற்றுக் குறைவுதான். கொள்ளு வேகவில்லை. பாத்திரம் தேய்ப்பதில் சிறு பூசல் எழுந்தது. பனிமலையை உட்கார்ந்து பார்க்க அரைமணி நேரமே கிடைத்தது. மடுவா ரொட்டி தட்டத் தட்டப் பிளந்துகொண்டே போயிற்று. பெரியவர் துண்டு துண்டாகவே உண்டார்.

திங்களன்று காலை அக்கா வந்ததும் மீந்த மாவைக் காட்டி, எங்கே தவறினோம் என்று கேட்டோம். அவர் விரலால் மாவைத் தொட்டுப் பார்த்தார்.

"பச்சத் தண்ணியிலயா பிசைஞ்சீங்க? கொதிக்கிற தண்ணி ஊத்தணும்மா" என்றார். பிறகு, தாம் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுதும் உறங்கியதாகவும், மாலையில் மகளுக்குத் தலை வாரிப் பின்னியதாகவும் கூறிக்கொண்டே அடுப்பில் நீரை ஏற்றினார்.