எழுதுகோலும் கணக்கேடும்

பெங்களூரில் வாழ்ந்த கன்னட அறிஞர் டி.வி. குண்டப்பா 1975-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். அவரது இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வங்கியில் செலுத்தப்படாத அரசாங்கக் காசோலைகள் பல இருந்தன என்று சொல்வார்கள். விஸ்வேஸ்வரய்யாவும் மிர்சா இஸ்மாயிலும் மைசூர் சமஸ்தானத்தின் திவான்களாக இருந்த காலத்தில் அவர் ஆற்றிய பணிகளுக்காக வந்தவை அவை. பண நெருக்கடி நேர்ந்த நாட்களிலும் அவர் அவற்றைத் தொடவில்லை.

இதைக் கேட்கும் எவரும் நெகிழ்வர். ஆனால் அதே பெங்களூரில், எந்த நிறுவனத்திலும் சேராமல் எழுத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தும் ஓர் இளைஞருக்கு இந்த நிகழ்ச்சி ஒரு சங்கடத்தையும் தரும். இந்த மாதம் அவர் எழுதிய நான்கு கட்டுரைகளில் இரண்டுக்கு இன்னும் பணம் வரவில்லை. வீட்டு வாடகைக்கு நாள் நெருங்குகிறது. நினைவூட்டி ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறார். ‘எழுத்து கலைமகளின் அருள், அதற்குக் கூலி கேட்பதா?’ என்று மனம் கூசுகிறது. குண்டப்பா உயர்ந்தவர், கணக்குக் கேட்கும் நான் தாழ்ந்தவனா?

இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உயர்ந்த பணிக்கும் ஒழுங்கான தொழிலுக்கும் இடையே உண்மையில் பகை உண்டா என்பதே இதன் உட்பொருள்.

விஜயதசமிக்கு மறுநாள்

1930-ஆம் ஆண்டு. பெங்களூரில் பாட்டியின் வீட்டில் தங்கியிருந்த ஆர்.கே. நாராயண் என்ற இளைஞர், பாட்டி நல்ல நாள் பார்த்துச் சொன்னபடி விஜயதசமியன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுத அமர்ந்தார். ஒரு சிறிய ரயில் நிலையம் மனக்கண்ணில் தோன்றியது. மால்குடி பிறந்தது. இந்தக் கதையைப் பலர் அறிவர்.

ஆனால் சிந்திக்க வேண்டியது விஜயதசமிக்கு மறுநாளைப் பற்றி! நல்ல நாள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். மறுநாள் அந்த உற்சாகம் இருக்காது. அப்போதும் அதே நோட்டுப் புத்தகத்தின் முன் அமர வேண்டும். அந்த நாவல் நூலாக வெளிவந்தது 1935-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பதிப்பாளர்கள் பலர் அதைத் திருப்பி அனுப்பினர். ஆசிரியப் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே அதை விட்டுவிட்டு, எழுத்தே வாழ்வு என்று முடிவு செய்தவர் அவர். திருமணத்துக்குப் பின், சென்னையிலிருந்து வெளிவந்த ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகைக்கு மைசூர் நிருபரானார். மாதச் சம்பளம் கிடையாது; அச்சான செய்தியின் நீளத்தை அளந்தே கூலி. சந்தை, நீதிமன்றம், காவல் நிலையம் என்று அலைந்து செய்தி சேகரிப்பார். எழுதியதை அன்றன்றே தபாலில் சேர்ப்பார். கற்பனையில் ஓர் ஊரையே படைத்தவர், அங்குலக் கணக்கில் கூலி பெறுவதை இழிவாக எண்ணவில்லை.

இங்கிலாந்தில் ஆன்டனி டிராலப் என்ற நாவலாசிரியர் இருந்தார். அஞ்சல் துறை அதிகாரியான அவர், நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்வார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கிட்டு எழுதுவார். தம்மை அதிகாலையில் எழுப்புவதற்காகவே ஒரு முதிய பணியாளருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதிய அவரது சுயசரிதை, அவர் மறைந்தபின் 1883-இல் வெளிவந்தது. ‘இது கலைஞனின் வழியா, செருப்புத் தைப்பவனின் வழியா?’ என்று பலர் முகம் சுளித்தனர். ஆனால் டிராலப்போ எழுத்தாளனைச் செருப்புத் தைப்பவருடன் ஒப்பிடுவதில் குறையொன்றும் காணவில்லை. அவரது நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன.

எஜமானர் இல்லாத வேலை

அலுவலகத்தில் பணிபுரிபவரை மணி அழைக்கிறது. மேலதிகாரி கேள்வி கேட்கிறார். சுயமாகத் தொழில் செய்பவருக்கு இவை இல்லை. ‘எனக்கு எஜமானர் கிடையாது’ என்று அவர் மகிழலாம். ஆனால் எஜமானர் இல்லாத இடத்தை மனம் பிடித்துக்கொள்கிறது. அதுவோ நிலையற்ற எஜமானர். காலையில் ‘இன்று எழுத மனநிலை இல்லை’ என்கிறது. மாலையில் ‘இன்று ஒன்றுமே செய்யவில்லையே’ என்று குற்றம் சாட்டுகிறது. இரவில் தூங்கவிடாமல் வேலை வாங்குகிறது. சோம்பலும் ஓயாத உழைப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டின் வேரும் ஒன்றே. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அறிவு முடிவு செய்யாமல், அந்தந்த நேரத்து உணர்ச்சி முடிவு செய்கிறது.

எனவே குறித்த நேரத்தில் அமர்வதும், குறித்த நேரத்தில் எழுவதும், ஒப்புக்கொண்ட நாளில் எழுத்தை ஒப்படைப்பதும் வெறும் தொழில் உத்திகள் அல்ல, அவை மனப்பயிற்சிகள். வாக்களித்த நாளில் கட்டுரை போய்ச் சேராவிட்டால், அதற்காகக் காத்திருக்கும் ஆசிரியரும் அச்சுக் கோப்பவரும் இரவு விழிக்க நேரிடும். நேரம் தவறுவது பிறரது வாழ்நாளிலிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

கணக்குப் பார்ப்பது பேராசையா?

‘பலனில் பற்று வைக்காமல் செயலாற்று’ என்ற உபதேசத்தைச் சிலர் ‘கூலி கேட்காதே’ என்று பொருள் கொள்கின்றனர். இது சரியன்று. கபீர்தாசர் தறியில் நெய்து பிழைத்தார் என்பது மரபு. துணியின் நீளத்தை அளக்காமலா அவர் விற்றிருப்பார்? பற்று என்பது மனத்தின் நிலை. அளவு என்பது பொருளின் நியதி. அளவைத் துறப்பதால் பற்று நீங்கிவிடாது.

உண்மையில் நேர்வது வேறு. கட்டணத்தை முன்கூட்டியே பேசக் கூச்சப்படுபவர், வேலை முடிந்தபின் குறைவான தொகை வந்ததும் மனத்துக்குள் புழுங்குகிறார். எதிரே புன்னகைக்கிறார், பின்னால் புலம்புகிறார். பணத்தைப் பற்றிப் பேசாத அவர், பணத்தைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை! தொடக்கத்திலேயே தொகை, கால அளவு, உரிமை ஆகியவற்றை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்பவரோ, பிறகு அவற்றை மறந்து எழுத்தில் மூழ்க முடிகிறது.

சட்டமும் இந்தத் தெளிவையே எதிர்பார்க்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிப்புரிமையை மற்றொருவருக்கு மாற்றித் தருவது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்துகொண்ட சிறு தொழிலாளருக்குச் சேர வேண்டிய தொகையை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்கிறது. உரியதைப் பணிவோடும் உறுதியோடும் கேட்பவர், தமக்குப் பின்னால் வரும் எழுத்தாளருக்கும் வழி அமைக்கிறார்.

நாராயண் இதையும் அனுபவத்தில் கற்றார். 1940-களின் தொடக்கத்தில் ‘இந்தியன் தாட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சென்னை நகரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் சேர்ந்தனர். இருந்தும், நிர்வகிக்க முடியாமல் ஓராண்டுக்குள் அது நின்றுபோனது. திறமைக்கும் ஆதரவுக்கும் அங்கே குறைவில்லை, நிர்வாகமே கைகொடுக்கவில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. உலகப்போரால் இங்கிலாந்துப் பதிப்பாளர்களுடன் தொடர்பு அற்றபோது, 1942-இல் அதே பெயரில் மைசூரில் சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். அது நிலைத்து நின்றது.

எது தியாகம்?

இப்போது குண்டப்பாவின் இரும்புப் பெட்டிக்குத் திரும்புவோம்.

பள்ளிப் படிப்பைக்கூட முழுமையாக முடிக்காமல் தம் முயற்சியால் உயர்ந்தவர் அவர். 1913-இல் ‘கர்நாடகா’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். அரசின் செயல்களை எடைபோடும் பத்திரிகையாளர், அரசின் பணத்தைக் கைநீட்டி வாங்கினால் தராசு சாயும். அவர் காசோலைகளைத் தொடாததை இவ்வாறு புரிந்துகொள்ளலாம். அது கூச்சமும் அல்ல, கவனக்குறைவும் அல்ல. எதை மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்று அறிந்து செய்த மறுப்பு.

1970-இல் பெங்களூர் மக்கள் அவருக்கு விழா எடுத்து ஒரு லட்சம் ரூபாய் பணமுடிப்பு அளித்தனர். அதை அப்படியே, 1945-இல் தாம் நிறுவிய கோகலே பொதுநல நிறுவனத்துக்கு வழங்கிவிட்டார். பசவனகுடியில் இன்றும் இயங்கும் அந்த நிறுவனம் உணர்ச்சிப் பெருக்கால் மட்டும் நிலைபெற்றதன்று. ஒழுங்கும் கணக்கும் இல்லாத எந்த நிறுவனமும் தலைமுறைகளைக் கடப்பதில்லை.

தன் கையில் இருப்பதைத்தான் ஒருவர் கொடுக்க முடியும். எவ்வளவு வர வேண்டும் என்றே அறியாதவர் எதையும் துறப்பதில்லை, இழக்கிறார். அந்த இழப்பையும் அவர் தனியாகச் சுமப்பதில்லை. அடுப்படியில் நிற்கும் மனைவியும், பள்ளிக் கட்டணத்துக்குக் காத்திருக்கும் குழந்தையும் சேர்ந்தே சுமக்கின்றனர். அவர்களது சம்மதம் இல்லாமல் அவர்களது பங்கையும் விட்டுக்கொடுப்பதைத் தியாகம் என்று அழைப்பது பொருந்துமா?

ஆகவே அந்த இளைஞர் நினைவூட்டும் கடிதத்தை எழுதலாம், கூச வேண்டியதில்லை. அதே கணக்கேட்டில் மற்றொரு பக்கத்தையும் அவர் ஒதுக்கிவைக்கட்டும். ஓர் ஏழைப் பள்ளியின் மலருக்கோ, உண்மையைச் சொல்வதால் பணம் ஈட்ட முடியாத ஒரு கட்டுரைக்கோ கூலியின்றி உழைக்கும் நேரத்தை அதில் குறித்துக்கொள்ளட்டும். உரியதைத் தயங்காமல் கேட்கத் தெரிந்த கை, ஒருநாள் தயங்காமல் கொடுக்கவும் செய்யும். தொழில் ஒழுங்கும் தியாகமும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.